தூதும் வாய்மையும்: விஞ்ஞானச் செய்தி உரைப்போரின் அறம்

ஆராய்ச்சி நடைபெறும் இடமும் அதன் பயனை நுகரும் மக்கள் வாழும் இடமும் பெரும்பாலும் வேறு வேறாகவே உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அறிவு செல்லவேண்டுமாயின், இடையே ஒருவர் நின்று அதனை எடுத்துரைத்தல் வேண்டும். இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிறுவகங்களும் இப்பணிக்கெனவே தனி அலுவலரை நியமித்துள்ளன. ஆராய்ச்சியாளர் எழுதிய கட்டுரையைப் படித்து, அதன் சாரத்தை இரண்டொரு பக்கங்களில் பொதுமக்கள் மொழியில் வடித்து, பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அனுப்புவதே பத்திரிகைத் தொடர்பு அலுவலரின் தொழிலாகும். இவர் தாமாக எதனையும் கண்டுபிடிப்பவரல்லர். கண்டதைத் தம் பெயரில் வெளியிடுபவருமல்லர். எனினும், சாதாரண மனிதன் ஒருவன் விஞ்ஞானத்தைப் பற்றி அறிந்திருப்பனவற்றுட் பெரும்பகுதி இவரது கைவழியே வந்தது.

இத்தகைய இடைநிலையாளர் யாருக்குக் கடமைப்பட்டவர்? சம்பளம் தரும் நிறுவகத்துக்கா, ஆராய்ச்சியை நிகழ்த்திய அறிஞருக்கா, செய்தியைக் கேட்டுத் தம் வாழ்வை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளும் மக்களுக்கா? ஒரு நல்ல நோக்கத்துக்காக உண்மையைச் சிறிது பெருப்பித்துச் சொல்லுதல் குற்றமாகுமா? கேட்போருக்கு உவப்பில்லாத உண்மையை எவ்வாறு உரைத்தல் வேண்டும்? இவ்வினாக்கள் மேலைநாட்டு நகரங்களிலே தோன்றிய புதிய வினாக்கள் என்று கருதுவோர் உளர். அவ்வாறன்று. கண்டிக்குத் தென்கிழக்கே உயர்ந்து செல்லும் ஹேவாஹெட்ட மலைச்சாரலிலும், மகாவலியின் கரையிலமைந்த பேராதனைப் பூங்காவிலும் இவ்வினாக்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்தன. அவற்றிற்குரிய விலையும் அக்காலத்திலேயே கொடுக்கப்பட்டது.

இன்று ஹேவாஹெட்ட என்றதும் தேயிலையே நினைவுக்கு வரும். ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இப்பகுதியைச் சேர்ந்ததே. ஆனால், டெயிலர் 1852இல் இலங்கைக்கு வந்தது தேயிலைக்காக அன்று, கோப்பிக்காகவே. அக்காலத்தில் ஹேவாஹெட்ட ஒரு கோப்பிப் பிரதேசம். மலைநாடு முழுவதிலும் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1870களின் இறுதியில் அதன் பரப்பு ஏறத்தாழ 275,000 ஏக்கர் ஆயிற்று. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பிலேயே இப்பெருஞ்செல்வம் விளைந்தது.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதிக் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொட்டுகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த த்வெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு இயலில் வல்லவரான பேர்க்லி என்னும் பாதிரியார் அவற்றை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத ஓர் இனம் எனக் கண்டு, ஹெமிலியா வாஸ்டற்றிக்ஸ் என்று பெயரிட்டு, அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்றில் அறிவித்தார். பெயரின் முற்பகுதி, வித்தியின் ஒரு பக்கம் வழுவழுப்பாயும் மறுபக்கம் சொரசொரப்பாயும் இருப்பதைக் குறிப்பது. பிற்பகுதி, பாழாக்குவது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். அறிஞர் தம் பணியைச் செய்துவிட்டனர். நோயின் இயல்பு அதன் பெயரிலேயே அடங்கியிருந்தது. ஆனால், இலத்தீன் பெயர் ஒன்றினால் ஹேவாஹெட்டவிலுள்ள ஒரு தோட்டத்துரைக்கோ கங்காணிக்கோ விளங்கக்கூடியது யாது?

துரைமார் பலர் இதனை ஒரு பருவகால நோய் என்றே எண்ணினர். ஓராண்டு விளைச்சல் குறைந்தால் மற்றோராண்டு கூடும், உரமிட்டால் மரம் தேறும், விலையோ உயர்ந்துகொண்டிருந்தது. ஆகவே புதிய காடுகளை வெட்டிக் கோப்பி நடும் வேலை நோய் தோன்றிய பின்னரும் பத்தாண்டுகள் நடைபெற்றது. தொடக்கத்திலேயே கவலையோடு நோக்கிய த்வெயிற்ஸின் குரல் பெரிதும் எடுபடவில்லை. இக்காலத்துக்கும் இது பொருந்தும். செய்தி கிடைக்காமையால் மட்டும் மனிதர் தவறுவதில்லை. தம் நலனுக்கு முரணான செய்தியைக் கேட்க விரும்பாமையாலும் தவறுகின்றனர்.

1870களின் பிற்பகுதியில் பேராதனையில் உதவிப் பணிப்பாளராயிருந்த டானியல் மொறிஸ் என்பவர் நோய்க்கு மருந்து உண்டு என்று நம்பினார். மரப்பட்டையிலும் இலைகளிலும் காணப்பட்ட பங்கசு இழைகளை அவர் இந்நோய்ப் பங்கசின் ஒரு பருவமெனக் கொண்டார். சுண்ணாம்பையும் கந்தகத்தையும் கலந்து தூவுவதால் அவற்றை அழிக்கலாம் என்று பரிந்துரைத்தார். தோட்டத்துரைமார் இதனை ஆவலோடு ஏற்று, 1879இல் ஒரு படையெடுப்புப் போலவே இம்முயற்சியில் ஈடுபட்டனர். மொறிஸ் ஏமாற்றுக்காரர் அல்லர். தாம் கண்டதை நேர்மையாக நம்பியவர். ஆயினும், அவரது செய்தி விரைவாகப் பரவியமைக்கு அதன் உண்மையைக் காட்டிலும் அதன் இனிமையே பெரிய காரணமாயிருந்தது எனலாம்.

1880இல் ஹரி மார்ஷல் வோட் என்னும் இளம் தாவரவியலாளர் அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டுப் பேராதனைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தாறு. ஈராண்டுகள் பொறுமையோடு ஆராய்ந்தார். கோப்பி மரங்களிடையே கண்ணாடித் தகடுகளைத் தொங்கவிட்டு, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்து எண்ணினார். இலையின்மீது படியும் நீர்த்துளியில் வித்தி முளைப்பதையும், இலைவாயின் வழியே உட்புகுவதையும் படிப்படியாகக் கண்டறிந்தார். மொறிஸ் கண்ட பட்டை இழைகளுக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை என்பதையும் நிறுவினார். வித்தி முளைத்து உள்ளே சென்றபின் வெளியே தூவும் எப்பொடியாலும் பயனில்லை என்பதும், மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையே பங்கசுக்கு எல்லையற்ற விருந்தாயிற்று என்பதும் அவர் கண்ட முடிபுகள். அவற்றைத் தொடர் அறிக்கைகளாக அவர் அரசாங்கத்துக்குச் சமர்ப்பித்தார்.

துரைமார் ஏமாற்றமே அடைந்தனர். அவர்கள் எதிர்பார்த்தது மருந்து, கிடைத்ததோ விளக்கம். மருந்தைச் சொல்லாத விஞ்ஞானி எதற்கு என்ற குரல் எழுந்தது. பின்னாளில் தாவர நோயியலின் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்பட்ட வோட், இலங்கையைவிட்டுச் சென்றபோது தோல்வியுற்றவராகவே பலராலும் கருதப்பட்டார். 1884இல் ஓரியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம் முறிந்தது. நூற்றாண்டின் இறுதிக்குள் கோப்பி மலைநாட்டிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. உவப்பான செய்தி பொய்த்தது. உவப்பில்லாத செய்தி நிலைத்தது.

அறிஞருக்கும் தோட்டக்காரருக்கும் இடையே நின்ற தூதர் யார் என்பது அடுத்த வினா. அக்காலத்தில் பத்திரிகைத் தொடர்பு அலுவலர் என்றொரு பதவி இருக்கவில்லை. அவ்விடத்தைப் பத்திரிகை ஆசிரியரே நிரப்பினர். சிலோன் ஒப்சேவர் பத்திரிகையை நடத்திய பேர்குசன் குடும்பத்தினர் 1881இல் ரொப்பிக்கல் அக்ரிகல்சரிஸ்ட் என்னும் மாத சஞ்சிகையைத் தொடங்கினர். அயனமண்டலப் பயிர்கள் பற்றிய ஆராய்ச்சிச் செய்திகளைத் தோட்டக்காரர் படிக்கும்வண்ணம் தொகுத்து வழங்குவதே அதன் நோக்கம். கோப்பியின் வீழ்ச்சிக் காலத்தில் சிங்கோனா, தேயிலை, கொக்கோ முதலிய மாற்றுப்பயிர்கள் பற்றிய அறிவைப் பரப்புவதில் இத்தகைய வெளியீடுகள் ஆற்றிய பணி சிறிதன்று. லூல்கந்துரவின் 19 ஏக்கர், மலைநாடு முழுவதற்கும் வழிகாட்டியாக அமைந்தமைக்கு டெயிலரின் உழைப்பு எவ்வளவு காரணமோ, அவ்வனுபவத்தை எடுத்துரைத்த எழுத்தும் அவ்வளவு காரணம் எனலாம்.

ஆயினும், இவ்வெளியீடுகளெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. முதலீட்டாளரை நோக்கி எழுதப்பட்டன. மரத்தின் அடியில் நின்று இலையைத் திருப்பிப் பார்த்தவர், செம்மஞ்சட் பொடியை விரலில் முதன்முதல் கண்டவர், தமிழ்த் தொழிலாளர். கோப்பி அழிந்தபோது வேலையிழந்து அலைந்தவரும் அவரே. அவர்களுக்கு இந்நோயைப் பற்றி யார் என்ன சொன்னார்? 1869ஆம் ஆண்டிலேயே, ஆபிரகாம் ஜோசப் என்பவரின் கோப்பிக் கிருஷிக் கும்மி அச்சேறியது. மலையக இலக்கியத்தின் முதற் படைப்புகளுள் ஒன்றாக எண்ணப்படும் இந்நூல், கோப்பிச் செய்கையைப் பொருளாகக் கொண்ட கும்மிப் பாடல். பயிர்ச்செய்கை பற்றிய அறிவைத் தமிழிலே, அதுவும் மக்கள் ஆடிப்பாடும் வடிவத்திலே தரமுடியும் என்பதற்கு அது சான்று. துரு நோய் இனங்காணப்பட்ட ஆண்டும் அதுவே. பயிரை வளர்க்கும் முறையைத் தமிழிற் பாடக் கூடியதாயிருந்தது. பயிர் ஏன் மடிகின்றது என்பதைத் தமிழில் விளக்கத் தோட்ட உலகில் எவரும் முற்பட்டதாகத் தெரியவில்லை. உழைப்புக்கு வேண்டிய அறிவு தொழிலாளியின் மொழியில் வந்தது; எதிர்காலத்தைத் தீர்மானிக்க வேண்டிய அறிவு வரவில்லை.

மொழி இயலாமை இதற்குக் காரணமன்று. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலை வைத்திய நூல்களைத் தமிழாக்கி, 1860களில் தமிழிலேயே வைத்தியக் கல்வியும் அளித்தார். உடற்கூற்றையும் இரசாயனத்தையும் தமிழில் உரைக்கக் கூடுமாயின் ஓர் இலை நோயை உரைக்க முடியாதிருக்குமா? விருப்பம் இருந்த இடத்தில் மொழி வளைந்து கொடுத்தது. தோட்டங்களில் இல்லாதிருந்தது, தொழிலாளியும் அறியவேண்டியவன் என்னும் எண்ணமே.

தமிழ் மரபு தூதுவனின் அறத்தைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்துள்ளது. வள்ளுவர் பொருட்பாலிலே தூது என்றோர் அதிகாரத்தையே வகுத்தார். அதற்கு உரை கண்ட பரிமேலழகர், தூதரைத் தாமே வகுத்துக் கூறுவார், பிறர் கூறியதைக் கூறுவார் என இருவகைப்படுத்துவர். இப்பாகுபாடு இன்றைய அலுவலரின் நிலையை விளக்கப் பெரிதும் உதவும். பத்திரிகைத் தொடர்பு அலுவலர் வெளித்தோற்றத்தில் இரண்டாம் வகையினர்; ஆராய்ச்சியாளர் கூறியதைக் கூறுபவர். ஆனால், இருபது பக்கக் கட்டுரையில் எதனை முதலிற் சொல்வது, எதனைத் தலைப்பாக்குவது, எந்த ஐயத்தை விட்டுவிடுவது என்பவற்றைத் தீர்மானிக்கும் கணமே அவர் முதல் வகையினராகிவிடுகிறார். கூறியதைக் கூறுவார் போலத் தோன்றிக்கொண்டு வகுத்துக் கூறும் அதிகாரத்தைச் செலுத்துவதால், அவரது பொறுப்பு இருமடங்காகின்றது.

இருப்பினும் ஓர் இடத்தில் பழந்தூதனுக்கும் இவருக்கும் வேறுபாடு உண்டு. பழந்தூதன் தன் வேந்தனுக்கு உறுதி பயப்பதையே குறிக்கோளாகக் கொண்டவன். மாற்றரசன் ஏமாந்தால் அது அவனது கவலை. விஞ்ஞானத் தூதுவருக்கோ எதிரே இருப்பவர் மாற்றரசர் அல்லர். நோயாளி, உழவர், தாய், தொழிலாளி. தமது நிறுவகத்தின் புகழை வளர்ப்பதற்காக அவர்களை ஏமாற்றினால், யாருக்காக விஞ்ஞானம் உளதோ அவரையே அவர் தோற்கடித்தவராவார். மனிதரை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்று கான்ற் வற்புறுத்திய நெறியும் இதுவே. வாசகனின் நம்பிக்கையை நிறுவகத்தின் விளம்பரத்துக்கு எரிபொருளாக்குதல் அவனைக் கருவியாக்குவதாகும்.

இது வெறும் ஊகமன்று. 2014இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் கார்டிப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பிறரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இருபது முன்னணிப் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட, உடல்நலத்தோடு தொடர்புடைய 462 பத்திரிகைக் குறிப்புகளை மூலக் கட்டுரைகளோடும் பின்வந்த செய்திகளோடும் ஒப்பிட்டனர். குறிப்புகளுள் 40 வீதமானவை மூலத்தில் உள்ளதைக் காட்டிலும் மிகையான அறிவுரையைக் கூறின. 33 வீதமானவை வெறுந் தொடர்பைக் காரணகாரியமாகக் காட்டின. விலங்குகளிற் செய்த சோதனையை மனிதருக்கு மிகையாகப் பொருத்திக் கூறியவை 36 வீதம். குறிப்பில் மிகை இருந்தவிடத்துச் செய்தியிலும் மிகை பெரும்பாலும் இருந்தது. குறிப்பில் இல்லாதவிடத்துச் செய்தியிலும் மிகக் குறைவாகவே இருந்தது. பத்திரிகையாளரே எல்லாவற்றையும் திரித்துவிடுகின்றனர் என்று பல்கலைக்கழகத்தார் கூறும் வழக்கமான குற்றச்சாட்டின் பெரும்பகுதி இவ்வாறு பல்கலைக்கழகத்தின் வாசலுக்கே திரும்பிவந்தது. மிகைப்படுத்திய குறிப்புகள் செய்தியாக வெளிவரும் வாய்ப்பு மற்றவற்றைவிடக் கூடியிருந்ததற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை என்பதும் கருதத்தக்கது.

1989 மார்ச் 23ஆந் திகதி அமெரிக்காவின் யூற்றாப் பல்கலைக்கழகம் பத்திரிகையாளரைக் கூட்டி, அறை வெப்பநிலையில் அணுக்கரு இணைவு நிகழ்ந்ததாக அறிவித்தது. துறைசார் அறிஞர் கட்டுரையைப் படித்துச் சோதிப்பதற்கு முன்னரே உலகம் அதனைக் கொண்டாடியது. பிற ஆய்வுகூடங்களால் அம்முடிபைப் பெற முடியவில்லை. இரு அறிஞரின் வாழ்நாள் உழைப்பும் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரும் அவசரமான ஓர் அறிவிப்பால் இழுக்குற்றன. மிகை ஏமாற்றுவது கேட்பவரை மட்டுமன்று. சொல்பவரையும் அது ஏமாற்றுகின்றது.

இதற்கு மறுப்பாக ஒரு வாதம் கூறப்படுவதுண்டு. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நாளாந்தம் ஆயிரம் செய்திகள் மக்களின் கவனத்துக்காகப் போட்டியிடுகின்றன. அரசியலும் சினிமாவும் விளையாட்டும் முழங்கும் சந்தையில் விஞ்ஞானம் மெல்லிய குரலில் ஐயங்களையும் விதிவிலக்குகளையும் அடுக்கிக்கொண்டு நின்றால், அதனைக் கேட்பார் யார்? கேட்பாரில்லாத உண்மையினும் சிறிது மெருகூட்டப்பட்டுப் பலரையும் அடைந்த உண்மை மேலன்றோ? குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறலாம் என வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் இடந்தந்துள்ளாரன்றோ?

இவ்வாதத்தில் இரு செயல்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. எளிமையாக்குதல் வேறு, மிகைப்படுத்துதல் வேறு. வித்தி, இலைவாய், முளைத்தல் என்பவற்றை விளக்காது, மழைக்காலத்தில் காற்றோடு வரும் கண்ணுக்குத் தெரியாத தூள் இலையின் உள்ளே புகுந்து அதனைக் கொல்கிறது என்று சொன்னால் அது எளிமை. கேட்டவர் குறைவாக அறிந்தார். ஆனால் அறிந்தது சரியானது. பின்னர் அவர் மேலும் கற்றால், முன்னர் கேட்டது பொய்யாகாது. சுண்ணாம்பு தூவினால் நோய் தீரும் என்பது அவ்வாறன்று. மேலும் கற்றவர் முன்னர் கேட்டதைக் கைவிட நேரும். பிற்கால அறிவு முற்கால உரையை நிறைவு செய்கின்றதா, மறுக்கின்றதா என்பதே இரண்டையும் பிரித்தறியும் உரைகல்லாகும்.

வள்ளுவர் இடந்தந்த விதிவிலக்கும் இங்கு பொருந்தாது. அவர் விதித்த நிபந்தனை, விளையும் நன்மை குற்றம் தீர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது. செய்தியை மிகைப்படுத்துபவர் அதன் விளைவைத் தம் கண்ணாற் காண்பதில்லை. அது எந்த வீட்டிற் புகும், எந்த நோயாளி அதை நம்பித் தம் மருந்தை நிறுத்துவார், எந்த உழவர் அதை நம்பிக் கடன்படுவார் என்பதை அவர் அறியார். அறியாத விளைவுக்குக் குற்றமின்மையை எவராலும் உறுதிசெய்ய இயலாது. ஆகவே அவ்விதிவிலக்கை நாடும் உரிமை அவருக்கு இல்லை.

இலங்கையின் அண்மைக்கால அனுபவமும் இதனை உணர்த்தும். வடமத்திய மாகாண உழவரை வாட்டும் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய்க்கும் கிளைபோசேற் என்னும் களைகொல்லிக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்னும் கருதுகோள் ஒன்றை 2014இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை முன்வைத்தது. அதன் தலைப்பே வினா வடிவில் அமைந்தது. ஆனால், செய்தியாகவும் மேடைப் பேச்சாகவும் மாறியபோது அவ்வினாக்குறி உதிர்ந்துவிட்டது. 2015இல் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. தடை சரியா பிழையா என்பது ஒருபுறம் இருக்க, ஒரு வினா விடையாக மாறிய முறை அறவியல் நோக்கில் ஆராயத்தக்கது. அந்நோயால் மடிந்த உழவருக்கு உண்மையான காரணத்தை அறியும் உரிமை உண்டு. அரைகுறை விடையை முழு விடையாக்குதல் அத்தேடலை நடுவழியில் நிறுத்திவிடும்.

மிகைக்கு எதிர்ப்புறத்தில் மற்றொரு குற்றம் உண்டு, அது மௌனம். 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, ஓராண்டில் நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாறுவது இயலாது என விவசாய அறிஞர் பலர் எச்சரித்தனர். அவர்களுள் ஒருவரான பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பே விவசாய அமைச்சின் குழுக்களிலிருந்து நீக்கப்பட்டார். தடை நவம்பரில் விலக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாயிருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 251 மில்லியனாக வீழ்ந்தது. எரிபொருள் நெருக்கடி முதலிய பிற காரணங்களும் இருந்தனவெனினும், உரமின்மை முக்கியமான ஒன்று. ஹேவாஹெட்ட போன்ற பகுதிகளில் நாட்கூலிக்குக் கொழுந்தெடுப்போர்க்கு இவ்வெண் வெறும் எண்ணன்று. கொழுந்து குறைந்தால் வேலையும் குறையும். அரசாங்க நிறுவகம் ஒன்றின் செய்தி அலுவலர் அவ்வேளையில் என்ன செய்திருத்தல் வேண்டும்? மேலிடத்தின் விருப்பத்துக்கு மாறான ஆராய்ச்சி முடிபை வெளியிட அவருக்கு அதிகாரமில்லாதிருக்கலாம். ஆனால், அம்முடிபுக்கு மாறானதை விஞ்ஞானம் என்ற பெயரில் எழுதித் தர மறுக்கும் கடமை அவருக்கு உண்டு. ஆணைக்குட்பட்டுப் பேசாதிருத்தல் சில வேளைகளில் மன்னிக்கத்தக்கது. ஆணைக்குட்பட்டுப் பொய்யுரைத்தல் எவ்வேளையிலும் மன்னிக்கத்தக்கதன்று.

இனி, மிகையுமின்றி மௌனமுமின்றி உண்மை உரைக்கப்பட்டுவிட்டால் தூதுவரின் கடமை முடிந்துவிடுமா? 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியது. மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல மண்ணுக்குள் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவியல் தவறவில்லை, எச்சரிக்கையும் எழுதப்பட்டிருந்தது. ஆயினும், அவ்வெச்சரிக்கை ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குச் சென்றதே தவிர, மக்களைப் பாதுகாப்பான நிலத்துக்குக் கொண்டுசெல்லவில்லை. தமக்கென நிலமோ வீடோ இல்லாதவரிடம் வெளியேறுங்கள் என்று மட்டும் சொன்னால், எங்கே என்ற வினாவுக்கு விடை இல்லை. அனுப்பப்பட்ட செய்தியெல்லாம் அடைந்த செய்தியாகாது. அடைந்த செய்தியெல்லாம் பயன்பட்ட செய்தியுமாகாது.

தூதுவரால் நிலம் வழங்க முடியாது என்பது உண்மையே. ஆனால், அவரால் ஆகக்கூடியன இரண்டு உண்டு. ஆபத்துக்குட்பட்டவரின் மொழியில், அவருக்கு விளங்கும் சொல்லில், அவரது லயத்து வாசல்வரை செய்தியைக் கொண்டு சேர்த்தல் ஒன்று. தமக்குத் தெரியாது என்று அதிகாரத்திலுள்ளோர் பின்னர் ஒருபோதும் கூறமுடியாதவாறு அச்செய்தியை ஊரறியச் செய்தல் மற்றொன்று. அறிவைப் பகிரங்கப்படுத்துவதன் அறப்பயன் இங்குதான் முழுமையாக விளங்குகின்றது. கோப்புக்குள் இருக்கும் உண்மை அதனை எழுதியவரைக் காக்கும். ஊரறிந்த உண்மையே மக்களைக் காக்கும்.

ஹேவாஹெட்ட மலைகளும் செங்குத்தானவையே. அங்கும் பெருமழை பெய்கின்றது. அங்கும் லயன்கள் உள்ளன. பேராதனைக்கும் அம்மலைகளுக்கும் இடையேயுள்ள தூரம் பெரிதன்று. வோட் தம் கண்ணாடித் தகடுகளோடு வாழ்ந்த காலத்தில் அத்தூரத்தை ஆங்கிலச் சஞ்சிகைகள் பாதியளவே கடந்தன. தோட்டத்துரையின் பங்களாவோடு அவை நின்றுவிட்டன. எஞ்சிய பாதி, பங்களாவிலிருந்து லயத்துக்குச் செல்லும் வழி. இன்று லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்து கற்போர் உளர். விஞ்ஞானமும் விவசாயமும் வைத்தியமும் பயில்வோர் அவர்களிடையே உளர். ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிக்கவும், அதனைப் பெற்றோரின் மொழியிற் சொல்லவும் வல்ல தலைமுறை ஒன்று தோன்றியுள்ளது. ஆபிரகாம் ஜோசப் காலத்தில் கும்மிக்குக் கிடைத்த மொழி, வோட் காலத்தில் அறிக்கைக்குக் கிடைக்கவில்லை. அக்குறையைத் தீர்க்க இனி மொழியோ ஆளோ இல்லை என்று கூறமுடியாது.

தாம் அறிந்ததன் அளவையும் அறியாததன் அளவையும் ஒருசேர உரைத்தல், எளிமையை நாடி மிகையை விலக்கல், உவப்பில்லாததையும் அஞ்சாது கூறல், உரிய மக்களின் வாசல்வரை சென்று சேர்த்தல் ஆகிய இந்நான்கும் விஞ்ஞானத் தூதுவரின் அறமெனக் கொள்ளத்தக்கன. இவற்றைக் கைக்கொள்பவர் உடனடிப் புகழைப் பெறாமற் போகலாம், வோட்டும் பெறவில்லை. ஆயினும், மருந்தில்லை என்று அவர் உரைத்த சொல்லை நம்பித் தம் கோப்பியைக் காலத்தோடு பிடுங்கித் தேயிலையை நட்டவர் பிழைத்தனர். சுண்ணாம்பை நம்பியிருந்தவர் நிலத்தையும் இழந்தனர். லூல்கந்துரவில் இன்றும் தளிர்க்கும் தேயிலைச் செடிகள் இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்கின்றன.